பதக்கத்துக்குக் கல் பார்த்த காலம்

வைரப் பதக்கம் பெரும்பாலான தமிழ் வீடுகளுக்குள் தாமதமாக வந்த நகை. மயிலாப்பூர், மாம்பலம், திருச்சி, கும்பகோணம் என்று எந்த ஊர் நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் வைரம் என்றால் முதலில் தோடு, அடுத்தது மூக்குத்தி. மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம். கழுத்துக்கு வைரம் என்பது பெரிய இடத்துச் சங்கதி. நகரத்தார் வீடுகள் விதிவிலக்கு. அங்கே பெண்ணுக்கு வைரப் பூச்சரமும் அதனுடன் பதக்கமும் போடுவது வழக்கத்தில் இருந்தது. மற்றவர்கள் சங்கிலியில் லட்சுமி டாலர், முருகன் டாலர், மிஞ்சிப்போனால் கெம்புக்கல் பதித்த பதக்கம் என்று நிறுத்திக்கொண்டார்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும்தான் மெல்லிய சங்கிலியில் ஒத்தைக்கல்லோ சின்னப் பூவோ தொங்கும் பென்டன்ட் அலுவலகம் போகும் பெண்களின் கழுத்தில் சாதாரணமாகத் தென்படத் தொடங்கியது. காதுக்குக் கல் பார்த்தே பழகிய கண், அதே பழக்கத்தோடு கழுத்துக்கும் பார்த்தது. அந்தப் பழக்கத்தில் சில பதக்கத்துக்கும் பொருந்தின. சில வீண் செலவாயின.

அந்த வீடுகளில் வைரம் வாங்கக் கடைக்குப் போவது குறைவு. வைரம் வீடு தேடி வந்தது. சவுக்கார்பேட்டையிலிருந்து குஜராத்தி, மார்வாடி வியாபாரிகளின் தரகர்கள் கல்யாணம் நிச்சயமான வீடுகளுக்கு வருவார்கள். யார் வீட்டில் கல்யாணம் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கும். காலை பத்து மணிக்கு முன்னால் வரமாட்டார்கள். மதியம் சாய்ந்த பிறகும் கல்லைப் பிரிக்கமாட்டார்கள். வெளிச்சம்தான் காரணம். சட்டையின் உள்பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலங்கள் வரும். ஒவ்வொன்றின் மடிப்பிலும் பென்சிலால் எடை எழுதியிருக்கும். பிரித்தால் உள்ளே இன்னொரு மெல்லிய தாள், லேசான நீலத்தில். அதன் நடுவில் கற்கள்.

அந்த நீலத்தாள் அழகுக்காக வைத்ததன்று. லேசான மஞ்சள் ஓடிய கல்லும் நீலத்தின் மேல் வெள்ளையாகத் தெரியும். விவரம் தெரிந்த பாட்டிமார்கள் முதல் காரியமாகக் கல்லை அங்கிருந்து எடுத்து வெறும் வெள்ளைத் தாளில், பட்டையான மேல்முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார்கள். கூர்ப்பக்கம் மேலே நிற்கும்போது மினுமினுப்பு அடங்கி உடம்பின் நிறம் தெரியும். இன்று பரிசோதனைக் கூடங்களில் நிறம் பார்ப்பதும் கல்லைக் கவிழ்த்து வைத்துத்தான். தரகர் சாமணத்தை நீட்டி, பழகிய தமிழில் சொல்வார்: "மாமி, வெயில்ல எல்லாக் கல்லும் மின்னும். உள்ளே வாங்க, தாழ்வாரத்து நிழல்ல வச்சுப் பாருங்க." அவர் விற்க வந்தவர்தான், ஆனாலும் அந்த வார்த்தை சத்தியம். நேர் வெயிலில் கண் கூசுமே தவிர நிறம் பிடிபடாது. வடக்குப் பார்த்த சன்னலிலிருந்து வரும் சாய்ந்த பகல் வெளிச்சம்தான் கல் பார்க்க ஏற்றது.

பிறகு ராசி பார்ப்பது. பிடித்த கற்களைப் பொட்டலத்தோடு வீட்டில் வைத்துக்கொண்டு, சில இரவுகள் பூஜையறையிலோ தலையணைக்கு அடியிலோ வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தாலும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டாலும் கல் திரும்பிப் போகும். சோதிடத்தில் வைரம் சுக்கிரனுக்கு உரியது, எல்லாருக்கும் ஆகாது என்ற நம்பிக்கை இதன் அடிப்படை. தெரிந்த குடும்பமாக இருந்தால் தரகர் இதற்கு ரசீதுகூடக் கேட்கமாட்டார். கனவுக்கும் கல்லுக்கும் தொடர்பில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சில நாட்களில் கல் காலை வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பலமுறை பார்க்கப்பட்டது, அண்டை வீட்டு மாமி பார்த்தாள், பெரியப்பா பார்த்தார், குடும்பத்துப் பத்தர் பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். அவசரத்தில் வாங்கும் தவறு நேர இடமே இல்லை. இன்றைய கடையில் அரைமணி நேரத்தில் முடியும் வேலை அது.

பாட்டிமார்கள் கேட்ட தரத்துக்கு ஒரே பெயர்தான்: ப்ளூ ஜாகர். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்ற சுரங்கம் இருந்தது. 1893-இல் 995 காரட் எடையுள்ள எக்ஸெல்சியர் வைரம் அங்கேதான் கிடைத்தது. 1905-இல் கலினன் வைரம் கிடைக்கும்வரை அதுவே உலகில் கிடைத்தவற்றுள் பெரியது. அந்தச் சுரங்கத்தின் வெள்ளைக் கற்கள் பகல் வெளிச்சத்தில் மெல்லிய நீலம் காட்டுவதற்குப் பேர்போனவை. 1971-இல் சுரங்கம் மூடப்பட்டது. மூடிய பிறகும் பல பத்தாண்டுகளுக்குச் சென்னைத் தரகர்கள் ஜாகர் கல் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதற்குள் ஊரின் பெயர் ஒரு தரத்தின் பெயராகிவிட்டிருந்தது.

நீலத்துக்குக் காரணம் ஒளிர்வு. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் பட்டதும் சில வைரங்கள் தாமே நீலமாக ஒளிரும். அந்த நீலம் கல்லில் இருக்கும் இளமஞ்சளை அமுக்கி, கல்லை இன்னும் வெள்ளையாகக் காட்டும். இரவில் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் அந்த உதவி கிடைக்காது. இன்றைய சந்தை இதையே குறையாகப் பார்க்கிறது: அதிக ஒளிர்வு என்று அறிக்கையில் எழுதியிருந்தால், உயர்ந்த நிறக் கல்லின் விலை குறையும். சில கற்கள் ஒளிர்வால் எண்ணெய்ப் படலம் படிந்ததுபோல் மங்கலாகத் தெரியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படி மங்கும் கற்கள் கொஞ்சம்தான். மங்காத கல்லாகப் பார்த்து எடுத்தால், பாட்டி கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அதே நீலத்தைப் பேத்தி தள்ளுபடியில் வாங்கலாம். பகலில் வெளியே நடமாடும் கழுத்தில் தொங்கப்போகும் பதக்கத்துக்கு இது நல்ல பேரம்தான்.

குறை பார்ப்பதிலும் பழைய கண்ணுக்குத் தனிச் சொற்கள் இருந்தன. காகபாதம், விந்து என்ற இரண்டும் வைரத்தின் குற்றங்களாகச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை மணிக்கடை வீதியைச் சொல்லும் இடத்தில் வருகின்றன. எழுபதுகளின் மயிலாப்பூரிலும் அதே இரண்டு சொற்கள் புழங்கின. காக்கையின் கால்போலப் பிரியும் விரிசல் இருந்தால் கல் எத்தனை பெரிதானாலும் வீட்டுக்குள் வராது. கரும்புள்ளியும் அப்படியே. இன்று அந்த வேலையை எழுத்துகள் செய்கின்றன. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. 1931-இல் தொடங்கியது, 1950-களில் அது வகுத்த நிற வரிசை 'டி' எழுத்தில் ஆரம்பித்து 'இசட்' வரை போகிறது. பழைய வியாபாரிகள் ஏ, டபிள் ஏ என்று ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்ததால் அந்தக் குழப்பம் ஒட்டாமல் இருக்க முதல் மூன்று எழுத்துகளை விட்டுவிட்டார்கள். டி, ஈ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. தூய்மைக்கு எஃப்.எல்., ஐ.எஃப்., பிறகு விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, கடைசியில் ஐ. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் என்ன தெரிகிறது என்பதே அளவுகோல்.

சென்னைக் கடை விளம்பரங்களில் 'ஈஎஃப் விவிஎஸ்' என்பது ஒரு மந்திரம்போல ஒலிக்கும். தோட்டுக்கு அது கேட்பதில் பழைய நியாயம் ஒன்று உண்டு: தோடு தலைமுறை தாண்டும், பிரித்துப் பங்கிடப்படும், எனவே குறையில்லாத கல் வேண்டும். பதக்கத்துக்கு அதே தரம் கேட்பது பெரும்பாலும் பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போடுவது. பேசுபவர் ஒரு கை தூரத்தில் நிற்கிறார். கல்லோ மார்பில் ஆடிக்கொண்டிருக்கிறது. விவிஎஸ்ஸுக்கும் விஎஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடு லென்ஸில்லாமல் யாருக்கும் தெரியாது. எஸ்ஐ-யிலும்கூட, புள்ளி கல்லின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால் போதும். மஞ்சள் தங்கத்தில் கட்டினால் ஹெச், ஐ நிறக் கல்லும் வெள்ளையாகவே தெரியும், ஏனென்றால் தங்கத்தின் மஞ்சள் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ கட்டுவதானால் ஜி-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

பணத்தைப் போடவேண்டிய இடம் பட்டை. வைரம் ஒளியை வலுவாக முறிக்கும் கல். அதன் ஒளிவிலகல் எண் 2.42. மேலே விழும் ஒளி அடிப்பக்கத்துப் பட்டைகளில் பட்டு மறுபடி மேலேயே வரவேண்டும். அடிப்பக்கம் ஆழம் குறைந்தாலும் அதிகமானாலும் ஒளி பின்னால் ஒழுகிவிடும். நடுவில் மீன்கண் மாதிரி ஒரு வளையமோ கருமையோ தெரியும். மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: மேல் பக்கச் சாய்வு 34.5 பாகை, அடிப்பக்கச் சாய்வு 40.75 பாகை. இன்றைய 57 அல்லது 58 பட்டை கொண்ட வட்டக் கல்லின் அடிப்படை அதுதான். பழைய தோடுகளில் இருந்த கற்களில் பல இந்தக் கணக்குக்கு முந்திய முறையில், எடை வீணாகாமல் தீட்டியவை, கொஞ்சம் தடித்தவை. விளக்கொளியில் அவற்றுக்குத் தனி அழகு உண்டு. ஆனால் புதிதாக வாங்குகிறவர், அறிக்கையில் வெட்டுக்கு 'எக்ஸலன்ட்' என்று போட்டிருக்கும் சிறிய கல்லையே எடுக்கலாம். சுமாரான வெட்டுள்ள பெரிய கல்லைவிட அது கழுத்தில் அதிகம் பேசும்.

எடை சென்ட் கணக்கில் சொல்லப்படும். நூறு சென்ட் ஒரு காரட். ஒரு காரட் 200 மில்லிகிராம். சரியாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர், அரைக் காரட் 5.1, கால் காரட் 4.1, பத்து சென்ட் 3. எடை பாதியானாலும் முகம் பாதியாவதில்லை என்பது இந்த எண்களில் தெரிகிறது. விலையோ அப்படி இல்லை: கல் பெரிதாகப் பெரிதாக ஒரு காரட்டுக்கான விலையே ஏறும், அதுவும் அரைக் காரட், முக்கால், ஒரு காரட் ஆகிய படிகளில் சட்டென்று எகிறும். அதனால் 95 சென்ட் கல் ஒரு காரட்டைவிடக் கணிசமாக மலிவு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒத்தைக்கல் பதக்கம் பார்ப்பவர்கள் முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் கல்லைக் கேட்டு வாங்கவேண்டும். கடைக்காரர் தாமாக எடுத்துக் காட்டமாட்டார்.

ஒத்தைக்கல் வேண்டாம், பூ வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு இன்னும் சாதகம். ஐந்து சென்ட் கல் ஒன்று சுமார் 2.4 மில்லிமீட்டர். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு கல் வைத்தால் பூவின் அகலம் ஏழு மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரு காரட் கல்லைவிடப் பெரிய முகம். மொத்த எடையோ 35 சென்ட்தான். தமிழ்ப் பெண்களின் காதில் தலைமுறைகளாக ஏழு கல் இருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கவேண்டும்.

பல வீடுகளில் முதல் வைரப் பதக்கம் கடையில் வாங்கியதே இல்லை. பழைய தோட்டைப் பிரித்துச் செய்தது. ஏழு கல் தோடு கனமானது. ஐம்பது வயதில் காது தொங்கிப் போகும். மகள்களோ அத்தனை பெரிய தோடு போட மறுப்பார்கள். மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு வீட்டில் எண்பதுகளில் நடந்தது இப்படித்தான். பாட்டியின் தோட்டில் காதுக்கு ஏழாகப் பதினான்கு கல். பேத்திகள் இருவர். ஆளுக்கு ஒரு பூப்பதக்கம் என்று முடிவானது. பத்தர் வீட்டுத் திண்ணையில் குடும்பமே உட்கார்ந்துகொண்டது, கல்லை மாற்றிவிடுவார் என்ற சந்தேகத்தால் இல்லை, வழக்கம் அது. மூடிய கட்டு, பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடு. பத்தர் உளியின் நுனியால் விளிம்பைத் தூக்கித் தூக்கிக் கல்லை நெம்பினார். ஒவ்வொன்றும் 'டிக்' என்று வெண்கலக் கிண்ணத்தில் விழுந்தது. பல வருஷத்து எண்ணெயும் மஞ்சளும் சீயக்காயும் அடிப்பக்கத்தில் கறுப்பாக அப்பியிருந்தன. பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெள்ளைத் தாளில் வரிசையாகக் கவிழ்த்தபோது பன்னிரண்டு ஒரே நிறம், இரண்டு மட்டும் நெய் நிறம். பின்னால் தகடு மூடியிருந்த வரையில் அது யார் கண்ணிலும் படவில்லை. எந்தக் காலத்திலோ கல் விழுந்து வேறு கல் வைத்திருக்கவேண்டும், அல்லது முதலிலிருந்தே அப்படித்தான். பாட்டி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆளுக்கு ஒண்ணா வச்சுடுங்கோ, பத்தரே, நடுவுல வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அப்படியே ஆளுக்கு ஒன்று, வெளிச்சுற்றில், வளையத்துக்கு அடியில் வைக்கப்பட்டது.

இதிலிருந்து பதக்கம் வாங்குபவருக்குப் பயன்படும் விஷயம் கட்டு பற்றியது. மூடிய கட்டில் இருக்கும் கல்லின் நிறத்தையும் தூய்மையையும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, கழற்றித்தான் பார்க்கவேண்டும். திறந்த கட்டில் பின்பக்கம் தெரியும், சுத்தம் செய்யவும் எளிது. கையில் போடும் மோதிரம் கதவிலும் பாத்திரத்திலும் இடிபடும். பதக்கத்துக்கு அந்த அடி இல்லை. ஆகவே மெல்லிய நகங்கள் பிடித்த திறந்த கட்டே பதக்கத்துக்குப் போதும். நகங்களின் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கவேண்டும். உறுத்தினால், முதல் கல்யாணத்திலேயே பட்டுப்புடவையின் ஜரிகை இழையை அது இழுக்கும். இழுத்த வேகத்தில் நகமும் நிமிரும், கல்லும் விழும். வைரம் கடினத்தில் பத்துக்குப் பத்து என்பது கீறலுக்குத்தான். சில தளங்களில் பிளக்கும் தன்மை அதற்கு உண்டு, ஓரத்தில் சரியான அடி பட்டால் உடையும்.

பதக்கத்தில் சங்கிலி நுழையும் வளையத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நம் ஊரில் பதக்கம் தனியாக வாங்கப்படுகிறது. சங்கிலி ஏற்கெனவே வீட்டில் இருக்கும். அந்தச் சங்கிலியின் கொக்கி வளையத்துக்குள் நுழையுமா என்று கடையிலேயே போட்டுப் பார்க்கவேண்டும். வளையம் பதக்கத்தின் மேல் விளிம்பை விட்டுப் பின்னால் தள்ளியிருந்தால் பதக்கம் குப்புறக் கவிழும், கல் தரையைப் பார்க்கும். வீட்டுச் சங்கிலி 22 காரட், பதக்கம் பெரும்பாலும் 18 காரட். இரண்டின் மஞ்சளும் ஒன்றாக இராது. 22 காரட் மிருதுவான தங்கம் என்பதால் உரசும் இடத்தில் சங்கிலிதான் அதிகம் தேயும்.

ஏன் 18 காரட் என்ற கேள்வி பழைய தலைமுறைக்கு உண்டு. 1963-இன் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று ஆக்கிப் பத்தர்களின் பிழைப்பைக் கெடுத்த ஞாபகத்தில், காரட் குறைவு என்றாலே கலப்படம் என்று நினைத்தவர்கள் அவர்கள். வைரத்துக்கு உண்மையில் கடினமான தங்கமே நல்லது. நகம் வளையாமல் கல்லைப் பிடித்திருக்கும். பார்க்கவேண்டியது முத்திரை. 18 காரட்டில் 750 என்றும் 22-இல் 916 என்றும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் சேர்ந்த முத்திரை கட்டாயம்.

பில்லில்தான் பணம் ஓடும். பதக்கத்தின் மொத்த எடை 4.2 கிராம், கல் ஒரு காரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரட் 0.2 கிராம், ஆகத் தங்கம் 4 கிராம். இந்த 4 கிராமுக்கு 18 காரட் விலைதான் போடவேண்டும், அதாவது சுத்தத் தங்க விலையில் முக்கால் பங்கு. மொத்த எடைக்குத் தங்க விலை போட்டு, கல்லுக்கும் தனியாக விலை போட்டால் கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாகும். சேதாரம், செய்கூலி, கல்லின் காரட் விலை எல்லாம் தனித்தனி வரியில் எழுதப்படவேண்டும். 'வைரத்துக்குச் சேதாரம் இல்லை' என்ற பலகை தொங்கும் கடையில் அந்தப் பணம் கல் விலையில் ஏறியிருக்கும், கேட்டால் சிரிப்பார்கள். மொத்தத்துக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் கேட்பார்கள்.

அறிக்கையைப் பொறுத்தவரை, ஜி.ஐ.ஏ. கட்டாத உதிரிக் கல்லுக்குத்தான் தர அறிக்கை தரும். கட்டிய நகைக்கு ஐ.ஜி.ஐ. போன்ற கூடங்கள் தருகின்றன. அதில் பல சின்னக் கற்களின் மொத்த எடையும் சராசரி நிறம், தூய்மையும் இருக்கும்; கட்டு அனுமதித்த அளவுக்குப் பார்த்தது என்ற பொருளில்தான் அதைப் படிக்கவேண்டும். ஒத்தைக்கல் பதக்கத்துக்கு உதிரிக் கல்லின் அறிக்கையைக் கேட்டுப் பெறுவதே மேல். கல்லின் இடை விளிம்பில் அறிக்கை எண் லேசரால் பொறித்திருந்தால் லென்ஸில் காட்டச் சொல்லிப் பொருத்திப் பார்க்கலாம். நகம் மறைக்காத இடத்தில் பொறிப்பு வரும்படி கட்டச் சொன்னால் பிற்காலத்துக்கும் உதவும்.

போலி பற்றிய பயம் பழையது. திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் செயற்கைக் கல் தீட்டுவது ஒரு காலத்தில் குடிசைத் தொழிலாக நடந்தது. அமெரிக்கன் டைமண்ட் என்ற பெயரில் விற்கும் கியூபிக் சிர்க்கோனியாவைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உதிரியாக இருந்தால் அது தராசிலேயே மாட்டிக்கொள்ளும்: ஒரே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மூச்சுவிட்டுப் பார்ப்பதும் பழைய சோதனை. வைரம் வெப்பத்தைச் சட்டென்று கடத்துவதால் பனி உடனே மறையும். கடைகளில் இருக்கும் பேனா போன்ற கருவியும் அதே வெப்பத்தைத்தான் அளக்கிறது. மொய்சனைட் அந்தப் பேனாவை ஏமாற்றிவிடும். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் மொய்சனைட்டின் பின்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும்.

ஆய்வுக்கூட வைரம் வேறு விஷயம். அது போலி இல்லை. அதே கார்பன், அதே கடினம், அதே மினுக்கு. 1954-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் முதலில் செய்து காட்டியது. இன்று அதிக அழுத்தத்திலும், வாயுவிலிருந்து படிய வைத்தும் வளர்க்கிறார்கள். சூரத்தில் அது பெரிய தொழில். 2023-24 மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி.க்கு இதற்கான ஆராய்ச்சி மையம் ஒதுக்கப்பட்டது. பேனாவும் லென்ஸும் இதைக் கண்டுபிடிக்கா. நைட்ரஜன் அளவைப் பார்க்கும் கருவி வேண்டும், ஏனெனில் இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் உண்டு, வளர்த்தவற்றில் அநேகமாக இல்லை. விலை சில ஆண்டுகளில் படுவேகமாகச் சரிந்தது. 2025-இல் ஜி.ஐ.ஏ. வளர்த்த கற்களுக்கு நிறம், தூய்மை எழுத்துகள் தருவதை நிறுத்துவதாக அறிவித்தது. இருவகைக் கல்லையும் ஒரே தட்டில் வைத்து விலை சொல்லும் விற்பனையாளரிடம், பில்லில் இயற்கைக் கல் என்றோ ஆய்வுக்கூடக் கல் என்றோ எழுத்தில் கேட்கவேண்டும். தினமும் போட ஒரு பதக்கம் என்றால் வளர்த்த கல் தாராளமாகப் போதும். மகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், மறுவிற்பனையில் அந்தப் பதக்கம் ஏறக்குறைய அதிலுள்ள தங்கத்தின் விலைக்குத்தான் போகும் என்று தெரிந்தே வாங்கவேண்டும்.

கடை வெளிச்சத்தில் எந்தப் பதக்கத்தையும் முடிவு செய்யக்கூடாது. தி.நகர் உஸ்மான் சாலையானாலும் மதுரை தெற்கு ஆவணி மூல வீதியானாலும், கூரையிலிருந்து இறங்கும் புள்ளி விளக்குகள் கண்ணாடிக்கல்லையும் மின்ன வைக்கும். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம், நிழல் விழும் இடத்துக்கு வந்து பார்க்கவேண்டும். ஒரு ஊழியர் கூடவே வருவார், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அங்கேயும் உயிர் இருந்தால் நல்ல வெட்டு. வந்திருப்பவர்களில் ஒருவர் நாலடி தள்ளி நின்று பார்ப்பது, தானே கண்ணாடியில் பார்ப்பதைவிட நம்பகமானது.

திருப்பிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கடைக்குக் கடை வேறு விதமாகச் சொல்வார்கள். மாற்றி வேறு நகை எடுத்தால் ஒரு விலை, காசாகக் கேட்டால் இன்னொரு விலை, வேறு கடையில் வாங்கியது என்றால் மூன்றாவது விலை. வாயால் சொன்ன சதவீதத்தைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். பழைய கல்லைக் கொடுத்துப் புதுப் பதக்கம் செய்யச் சொல்லும்போது, கல்லை எதிரிலேயே கழற்றி, எண்ணி, எடை போட்டு, ஒவ்வொன்றின் குறுக்களவையும் எழுதி ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். எண்பதுகளில் குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து செய்த காவலை இன்று அந்தக் காகிதம் செய்கிறது.

வாங்கிய பிறகு பராமரிப்பு கொஞ்சம்தான். வைரம் கொழுப்பை ஈர்க்கும் கல்; சுரங்கங்களில் கொழுப்பு தடவிய மேசையில் மண்ணை ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்டவைத்துப் பிரித்த முறையே இருந்தது. தோலில் உரசும் பதக்கத்தின் பின்பக்கம் வியர்வையாலும் பவுடராலும் சீக்கிரம் மங்கும். வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டையோ மென்மையான சோப்போ போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் பழைய ஒளி வந்துவிடும். வாஷ்பேசின் துளையை அடைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் வைத்துச் செய்யவேண்டும். எண்ணெய்க் குளியலுக்கும் தலைக்குச் சாயம் போடுவதற்கும் முன்னால் கழற்றிவைப்பது நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை பத்தரிடம் கொடுத்து நகங்களை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். காதருகே வைத்து லேசாக ஆட்டும்போது கிணுகிணு சத்தம் கேட்டால் ஏதோ ஒரு கல் தளர்ந்திருக்கிறது. சரிசெய்யும்வரை அதைப் போடக்கூடாது.